முதலாளிக்குக் கொடுத்த அல்வா

அரிசி மில் முதலாளி ஆவுடையப்பனின் பழைய பிளசர் காரில் 'கடகட'வென்று ஒரு சத்தம். அது எங்கிருந்து வருகிறதென்று சொல்லத் தெரியாத டிரைவர்களையெல்லாம் அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கடைசியாக மாட்டியவன் மாசானம். இந்த வேலையும் போனால் அவன் வீட்டு அடுப்பில் பூனைதான் படுக்கும்.

போல்ட்டுகளை முறுக்கினான். கதவிடுக்கில் துணி அடைத்தான். சீட்டைக் கழற்றி மாட்டினான். தனியாக ஓட்டினால் சத்தமே இல்லை. முதலாளி ஏறினால் கடகட.

"ஏலே, அம்பாசமுத்திரம் போறதுக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா சாவியைக் கொடுத்துட்டு நடையைக் கட்டு" என்றார்.

மாசானம் கண்ணாடியில் பார்த்தான். குழிக்குக் குழி முதலாளியின் பல்செட் துள்ளி மோதியது. இதைச் சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

வழியில் நிறுத்தி அல்வா வாங்கினான். "மொதலாளி, இதை மென்னுக்கிட்டே வாங்க. சத்தம் நின்னுரும்."

"காருக்கு நோவு, எனக்கு மருந்தாலே?" என்று ஒரு பெரிய துண்டை வாயில் போட்டார்.

சத்தம் நின்றது. கொஞ்ச தூரம் போனபிறகுதான் அவருக்கு உறைத்தது. 'இறங்கிப் போலே' என்று கத்தப் பார்த்தார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பிரியவில்லை. கையை நீட்டிச் சாலையைக் காட்டினார்.

"நேராவா மொதலாளி? சரி."

அம்பாசமுத்திரம் போயிற்று, தென்காசியும் போயிற்று. நம்பினால் நம்புங்கள், அவன் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். பாவம், அந்த அல்வா கரைகிற வரைக்கும்தானே அவனுக்கு வேலை.