பூண்டுத் தோல் போர்த்திய பூக்கிழங்கு

அந்தக் காலத்தில் பூக்கிழங்குகளுக்குத் தோலும் கிடையாது, பொறுமையும் கிடையாது. வாய் மட்டும் இருந்தது. ஐப்பசியில் நட்டால் கார்த்திகையிலேயே "நான்தான் முதல், நான்தான் முதல்" என்று முட்டி மோதிக்கொண்டு பூத்துவிடும்.

மேல்மலையில் நல்லாயி என்றொருத்தி இருந்தாள். அவள் வீட்டுச் சுவரில் பதித்த பானைக்குள் தேனீக்கள் குடியிருந்தன. புருஷன் சடையன் வாயைத் திறந்தால் கிண்டல்தான். அவளுக்குப் பேச்சுத்துணை அந்த ரீங்காரம்தான்.

ஒரு வருஷம் மார்கழி உறைபனி பூக்களைக் கருக்கியதோடு நிற்கவில்லை. மண்ணுக்குள்ளும் இறங்கிக் கிழங்கையெல்லாம் அழுகவைத்துவிட்டது. பானையில் தேன் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

"குளிர் விட்டதும் ஒரு பூவாவது இல்லேன்னா நாங்க செத்துருவோம், நல்லாயி" என்றது ராணித் தேனீ. நல்லாயிக்குச் சோறு இறங்கவில்லை.

சடையனுக்காவது ரசம் வைக்கலாமென்று பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். மேல்மலையில் பூண்டைக் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார்கள். ஒரு கொத்தை அவிழ்த்து உரித்துக்கொண்டே வந்தவள் கையில் ஒன்று மட்டும் வழவழவென்று வந்தது. நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"அடியே, கிள்ளாதே! நான் பூண்டு இல்லை!"

நல்லாயி அதைப் பொத்தென்று கீழே போட்டாள். ஐப்பசியில் நடவேண்டிய பூக்கிழங்கு! நட மறந்ததோடு, பூண்டென்று நினைத்து இவளே கொத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறாள்.

சடையன் விழுந்து விழுந்து சிரித்தான். "நல்லவேளை, ரசத்துல போடாம விட்டே. இப்ப என்ன பண்ணப்போறே?"

"நடப்போறேன்."

"மண்ணு கல்லாக் கெடக்கு. ஊரெல்லாம் ஐப்பசியில நட்டதே போச்சு. நீ மார்கழியில நட்டுக் கிழிக்கப்போறியாக்கும்!"

கிழங்கும் அழுதது. "மண்ணைத் தொட்டதும் பூக்கணும்னு எனக்கு உடம்பெல்லாம் பரபரக்குமே. பனி என்னையும் கருக்கிடும்."

நல்லாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். அடுப்படி முழுக்க உரித்துப் போட்ட பூண்டுத் தோல், புகை குடித்துப் பழுப்பேறிக் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கிழங்குக்குச் சுற்றினாள், பச்சைப்பிள்ளைக்குத் துணி சுற்றுவதுபோல.

"வெளியே என்ன சத்தம் கேட்டாலும் கண்ணைத் திறக்காதே. தேனீ வந்து கூப்பிடும். அப்ப எழுந்திரிச்சாப் போதும்."

அடுப்புத் தணலை வாரி முற்றத்தில் கொட்டினாள். மண் இளகியது. சடையன் முணுமுணுத்துக்கொண்டே கடப்பாரையால் ஆழமாகக் குழி தோண்டினான். தணலை ஒதுக்கிவிட்டு, கிழங்கை வைத்து மூடி, மேலே சருகைப் பரப்பினார்கள்.

தை போனது. மாசியும் போனது. பானைக்குள் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. நல்லாயி சுவரில் காதை வைத்துக் கேட்பாள், கேட்டுவிட்டு அழுவாள்.

பங்குனியில் ஒருநாள் வெயில் சுருக்கென்று விழுந்தது. ஒரு தேனீ தள்ளாடித் தள்ளாடிப் பறந்துபோய்ச் சருகின்மேல் உட்கார்ந்து, "எழுந்திரியேன்" என்றது.

மண் பிளந்தது. தோலைக் கிழித்துக்கொண்டு முளை வந்தது, முளையில் மொட்டு வந்தது, மறுநாள் மஞ்சளாய்ப் பூத்தே விட்டது. மலையிலேயே அது ஒன்றுதான் பூ. மிச்சமிருந்த தேனீக்கள் முறை வைத்துக் குடித்தன. அன்று சாயங்காலம் சுவருக்குள் பழைய ரீங்காரம் கேட்டது.

"மறதிக்காரிதான். ஆனா காரியக்காரி" என்றான் சடையன். நல்லாயிக்கு வாயெல்லாம் பல்.

இன்றைக்கு இருக்கும் பூக்கிழங்கெல்லாம் அந்த ஒன்றின் பிள்ளைகள். அன்று முதல்தான் அவை பழுப்புத் தோலைப் போர்த்திக்கொண்டு குளிர் முழுக்கத் தூங்குகின்றன. அன்று முதல்தான், நட மறந்த கிழங்கு மார்கழியில் கைக்குக் கிடைத்தாலும் மேல்மலைப் பெண்கள் அதைத் தூக்கி எறியாமல், தணலை வாரிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுகிறார்கள்.