அறுபது விளக்கும் ஒரு பல்லக்கும்

முன்னொரு காலத்தில் வேங்கை நாட்டை வச்சிரபாகு என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். என்ன, காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. காலையில் முத்துமாலை போட்டவனை மத்தியானம் நாட்டை விட்டே துரத்துவார். சாப்பிட்டு எழுந்ததும், "எங்கே அவனைக் காணோம்?" என்று தேடுவார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனைக் கிடங்கில் வாங்கிய சீர் முன்னே போனால்தான் கல்யாணப் பெண் வாசல் தாண்டுவாள். குத்துவிளக்கு ஒன்று, குடம் ஒன்று, தாம்பாளம் ஒன்று, செம்பு ஒன்று. நாலும் இருந்தால்தான் அது சீர். ஒன்று குறைந்தாலும் கல்யாணம் நின்றுபோகும். சீர் வேண்டாதவர்கள் விளக்கை மட்டுமோ செம்பை மட்டுமோ தனியாகவும் வாங்கிப் போகலாம்.

கிடங்குச் சாவி அங்கம்மாள் என்பவளிடம் இருந்தது. அவளுக்கு மேல் அதிகாரி சிங்கண்ணர். "கிடங்கைக் கண்ணாடிபோல வைத்திருக்கிறாள்" என்று ராஜா ஒருநாள் அவளைப் புகழ்ந்துவிட்டார். அன்றிலிருந்து சிங்கண்ணருக்கு வயிற்றெரிச்சல். தானும் பேர் வாங்க வேண்டுமென்று இரண்டு ஏடுகள் எழுதிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"மகாராஜா! நம்மிடம் முழுச் சீர் நூறு இருக்கிறது. அது தவிர தனி விளக்கு நூறு, தனிக் குடம் நூறு, தாம்பாளம் நூறு, செம்பு நூறு!"

"அடேயப்பா!" என்று ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

அங்கம்மாள் வெளியே அவரை மடக்கினாள். "ஐயா, கிடங்கில் இருப்பதே நூறு விளக்குதானே? அதையே சீரிலும் எழுதி, தனியாகவும் எழுதிவிட்டீர்களே?"

"சீர் வேறு, தனி வேறு. உனக்குச் சாவியைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். நான் கொடுக்கச் சொன்னதைக் கொடு!"

கார்த்திகை வந்தது. சிங்கண்ணர் உத்தரவுப்படி அறுபது விளக்குகள் தனியாக விற்றுப்போயின. தை மாதம் நூறு பெண் வீட்டார் சீர் கேட்டு வந்து நின்றார்கள். நாற்பது பேர் வாங்கிப் போனார்கள். நாற்பத்தோராவது ஆளுக்குக் குடம் இருக்கிறது, தாம்பாளம் இருக்கிறது, செம்பு இருக்கிறது, விளக்கைத்தான் காணோம். அறுபது பெண்களின் அம்மாக்கள் அரண்மனை வாசலில் அழுத அழுகையில் ராஜாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"மகாராஜா, என் ஏட்டில் விளக்கு இருக்கிறது, கிடங்கில் இல்லை. இவள்தான் திருடியிருக்கிறாள்!" என்றார் சிங்கண்ணர்.

ராஜா மத்தியானப் புத்திக்கு வந்தார். "அங்கம்மா, நாளைக் காலை சபை கூடுவதற்குள் விளக்கு எங்கே என்று காட்டு. இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போ!"

 அங்கம்மாள் கைகூப்பிச் சொன்னாள்: "காட்டுகிறேன், மகாராஜா. சாட்சியைத் தூக்கிவர எனக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். சிங்கண்ணர் ஐயாவின் ஏட்டில் ஆள் இருக்குமே?"

ஏடு என்றதும் சிங்கண்ணருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சபை நடுவே விரித்துப் படித்தார். "என் பல்லக்கைத் தூக்க நாலு ஆள். அது தவிர ஏவலுக்குத் தனி ஆள் நாலு. ஒருவனைக் கூட்டிக்கொண்டு போயேன், எனக்கென்ன நஷ்டம்!"

"எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அங்கம்மாள் போனாள்.

மறுநாள் காலை சபை கூடியது. அங்கம்மாள் வந்து நின்றாள். கூடவே முனியன் என்ற வாட்டசாட்டமான ஆள், தலையில் ஒரு வெறும் கூடையோடு நின்றான். சிங்கண்ணரைத்தான் காணோம். அரைநாழிகை கழித்து வந்தார். நடந்து வந்தார்! வேட்டியெல்லாம் சேறு. தலைப்பாகை கக்கத்தில்.

"என்ன ஓய், பல்லக்கு எங்கே?" என்றார் ராஜா.

"தாமரைக் குளத்தில் கிடக்கிறது, மகாராஜா! மூன்று பேர் தூக்கினால் ஒரு பக்கம் சாயாதா? என்னையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டார்கள். எல்லாம் இவளால்! என் பல்லக்கு ஆளைக் கூட்டிப் போய்விட்டாள்!"

"தனி ஆள் நாலு பேர் இருக்கிறார்கள் என்றீரே? அவர்களில் ஒருவனைச் சேர்த்துக்கொள்வதுதானே?"

"அந்த நாலு பேரும் இந்த நாலு பேரும் ஒரே ஆட்கள்தானே, மகாராஜா!" என்று கத்தினார் சிங்கண்ணர்.

 அவர் வாயை மூடிக்கொண்டபோது காரியம் முடிந்திருந்தது.

"இதுதான் என் சாட்சி" என்றாள் அங்கம்மாள். "ஏட்டில் ஒரே விளக்கைத்தான் சீரிலும் தனியிலும் எழுதியிருக்கிறார். தனி விளக்கு ஒன்று விற்கும்போதெல்லாம் ஒரு சீர் குறைந்தது, மகாராஜா. மூன்று பேர் இருந்தால் எத்தனை பல்லக்கு?"

"ஒன்றுகூட இல்லை!" என்றார் ராஜா. சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், சிம்மாசனமே ஆடியது. "நாலில் எது குறைச்சலோ, அதுதான் சீரின் எண்ணிக்கை!"

அந்த முத்துமாலை அங்கம்மாள் கழுத்துக்கு வந்தது. சிங்கண்ணரின் பதவியும் வந்தது. அரண்மனை மண்டபங்களில் இருந்த அறுபது குத்துவிளக்குகளைக் கழற்றச் சொன்ன ராஜா, "நான் அகல் விளக்கில் சாப்பிட்டுக்கொள்கிறேன். சிங்கண்ணரே, ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்து போய்க் கொடுத்துவிட்டு வாரும்!" என்றார்.

கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுவருபவரைப் பாயசம் கொடுக்காமல் யார் அனுப்புவார்கள்? அறுபது வீடு, அறுபது கிண்ணம். கடைசி வீட்டில் சிங்கண்ணர் தூணைப் பிடித்துக்கொண்டு குடித்தாராம்.

அறுபது பெண்களும் வாசல் தாண்டினார்கள். ராஜா எல்லாருக்கும் விருந்து வைத்தார். "எத்தனை பேருக்கு இலை போடலாம்?" என்று அவர் கேட்டதும், ஏட்டைத் தேடாமல் சமையற்கட்டுக்கு ஓடினார் சிங்கண்ணர். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"சோறு ஐந்நூறு பேருக்கு, குழம்பு அறுநூறு பேருக்கு, அப்பளம் முந்நூறு. அப்படியானால் முந்நூறு இலைதான், மகாராஜா!"

அங்கம்மாள் எழுந்து தன் பக்கத்தில் அவருக்கு ஓர் இலை போடச் சொன்னாள். அவர்கள் அங்கே வயிறாரச் சாப்பிட்டார்கள். நமக்கும் அப்பளத்தோடு ஓர் இலை கிடைக்கட்டும்!