பவர்ஃபுல் டீ

மாடக்கண்ணு சங்கரன்கோவிலில் சொந்தக் கடை வைத்திருக்கும் பேர்போன பரோட்டா மாஸ்டர். நாற்பத்தெட்டு வயதில் அவருக்குக் கப்பலில் சமையல்காரராகப் போகும் ஆசை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் நேர்காணல், அதுவும் இங்கிலீஷில். அதற்காகத்தான் ஜெசிந்தா டீச்சரின் வகுப்பில் சேர்ந்திருந்தார். டீச்சருக்கு வயது இருபத்தாறு. குருவாக இருக்க வயதா முக்கியம்?

எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்று டீச்சர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்து, பரோட்டா வீசும்போதுகூட மனப்பாடம் செய்தார். ஒரு வீச்சுக்கு 'ஹெவி ரெயின்', அடுத்த வீச்சுக்கு 'ஸ்ட்ராங் விண்ட்'. அப்படியும் புதன்கிழமை ஒத்திகையில் வாய் குழறி, 'ஸ்ட்ராங் டீ' என்பதற்கு 'பவர்ஃபுல் டீ' என்று சொல்லிவிட்டார். வகுப்பே சிரித்தது. மனுஷன் கூனிக்குறுகிப் போனார்.

எல்லோரும் போனபிறகு டீச்சரிடம் வந்தார்.

“டீச்சர், நான் வெள்ளிக்கிழமை போகல.”

“ஏன் அண்ணாச்சி?”

“ஸ்ட்ராங்குன்னாலும் பலம், பவர்ஃபுல்லுன்னாலும் பலம். ஒண்ணு டீயோட சேருது, இன்னொண்ணு ஏன் சேர மாட்டேங்கு? காரணம் தெரிஞ்சாத்தான மனசுல நிக்கும். அங்க போயி தப்பாச் சொன்னா மானம் போயிரும்.”

டீச்சர் அவருடைய நோட்டை வாங்கிப் புரட்டினார். முந்நூறு ஜோடியாவது இருக்கும். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்குப் பசிக்கு. உங்க கடைக்குப் போவோம், வாங்க.”

கடையில் பிமல் மாவு பிசைந்துகொண்டிருந்தான். ஒடிசாக்காரன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

“அண்ணாச்சி, தூக்கம் ஒட்டுது. டீ குடிச்சிட்டு வாறேன்” என்றான் பிமல்.

“தூக்கம் வருதுன்னு சொல்லுல.”

“ஆமா, வருது” என்று சிரித்தபடியே போனான்.

டீச்சர் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கினார். “தூக்கம் ஏன் ஒட்டாது அண்ணாச்சி?”

“அவன் பாஷையில எல்லாம் ஒட்டுமாம். நமக்குத் தூக்கம் வரும், பசி எடுக்கும்.”

“தூக்கம் வருதுன்னா, பசி மட்டும் ஏன் எடுக்கணும்?”

மாடக்கண்ணு யோசித்தார். தாடையைத் தடவினார். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவர்தான்.

“அது அப்படித்தான் டீச்சர். சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு.”

“வந்த புதுசுல பிமல் எப்படிப் பேசுவாரு?”

மாடக்கண்ணுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அத ஏன் கேக்கிய. பஸ்ஸவிட்டு இறங்கி நேரா இந்தப் பரோட்டாக் கல்லு முன்னால வந்து நின்னான். ரெண்டு நாளாச் சாப்பிடலையாம். ‘அண்ணாச்சி, பசி ஒட்டுது’ன்னான். கடையே சிரிச்சிது. நானுந்தான் சிரிச்சேன்.”

“சிரிச்சிட்டு?”

“சிரிச்சிட்டு என்ன, எலயப் போட்டேன். எட்டு பரோட்டா தின்னான். மறுநாளே வேலைக்கு வச்சுக்கிட்டேன்.” சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

டீச்சர் இன்னொரு துண்டைப் பிய்த்தார்.

“பசி எடுக்குதுன்னு அவரத் திருத்தியிருப்பீங்களே அண்ணாச்சி, அது எலயப் போடுறதுக்கு முன்னயா, பின்னயா?”

டீ குடித்துவிட்டு வந்த பிமலை மாடக்கண்ணு அழைத்தார்.

“ஏல பிமலு, வெள்ளிக்கிழமை கல்லு உன் பொறுப்பு.”