காணாமல்போன கிரீடம்

நாடகக் குழுவில் துணி தைப்பதும் தேய்ப்பதும்தான் சொர்ணத்தின் வேலை. ஒரு நாள் குழு ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாடகம் போடப் போனது. மைதானத்தில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அதுவரை நேரில் நாடகம் பார்த்ததில்லை.

தலைமையாசிரியர் தாணுமாலயன் விறைப்பாக வந்து நின்றார். “பாடப்புத்தகத்துல இல்லாத ஒரு வார்த்தைகூட இங்க என் காதுல விழக்கூடாது. விழுந்தா அங்கேயே நிறுத்திருவேன்” என்றார்.

நடிகர்களுக்கு முகம் தொங்கிவிட்டது. வேனைக் கிளப்பலாம் என்றார்கள். சொர்ணம் மட்டும் முன்னால் வந்து, “சரிங்கய்யா, எங்க ஆளுங்க வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தையும் வராது” என்று ஒப்புக்கொண்டாள். பிறகு நடிகர்களிடம் மெதுவாக, “வாயே தொறக்காம நடிங்க” என்றாள்.

நாடகம் தொடங்கியது. ராஜா தன் கிரீடத்தைக் காணாமல் தேடினார். பெட்டியைக் குடைந்தார், மந்திரியின் வேட்டியை உதறினார். கிரீடமோ அவர் முதுகிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பும்போதெல்லாம் அதுவும் கூடவே திரும்பியது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“யோவ் மடையா, முதுகுல தொங்குதுய்யா!” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் அலறியது.

கத்தியவர் தாணுமாலயன்.

சொர்ணம் கைகட்டி நின்று கேட்டாள்: “அய்யா, இது எந்தப் பாடத்துல வருதுங்க? இல்லேன்னா நாடகத்தை நிறுத்திரட்டுமா?”

இருநூறு பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நிறுத்தாதம்மா! மொதல்ல அந்த ஆளு கிரீடத்தை எடுக்கட்டும்.”