பொத்திய வாய்

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதன் தலைமையில் இருந்தவர் வடிவம்மை. வயது நாற்பத்தொன்று. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த குற்றாலிங்கத்துக்கு அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குரு அவரை 'ஐயா' என்பார், அவர் குருவை 'அம்மா' என்பார்.

குருவின் முன் கையால் வாயைப் பொத்தி, கொஞ்சம் குனிந்து நிற்பது அந்த மடத்தின் வழக்கம். பேசும்போது மூச்சோ எச்சிலோ குருவின் மேல் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. குருவின் எதிரிலிருந்து நகர்ந்ததும் எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள். குற்றாலிங்கம் மட்டும் எடுப்பதில்லை. சமையல்காரரிடம் உப்புக் கேட்கும்போதும் வாயைப் பொத்திக்கொண்டேதான் கேட்பார்.

மற்றவர்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பக்தி என்றால் இதுவல்லவா பக்தி என்று புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டினார்கள். பந்தியில் அவருக்குப் பக்கத்தில் இரண்டு இலை இடம் காலியாகவே கிடக்கும். அதையும் மரியாதை என்றே பேசிக்கொண்டார்கள். மனிதர்களுக்குச் சங்கடமான எதையும் மரியாதையாக்கிவிடத் தெரியும்.

குற்றாலிங்கத்துக்கு உண்மை தெரியும். அவர் வாயில் நாற்றம். அவ்வளவுதான் விஷயம்.

மனைவி செத்த வருடம் அது ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் பல் துலக்கித் துப்பினால் ரத்தம். பயந்துபோனார். துலக்கினால்தானே வருகிறது, துலக்காமல் இருந்து பார்ப்போம் என்று பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டார். வெறும் தண்ணீரில் கொப்பளித்தார். ரத்தம் கண்ணில் படவில்லை. குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கேட்டுக்கொள்ள வீட்டில் ஆள் இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

பிறகு மகள் கோமதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு நாள் நாலு வயதுப் பேத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு மடியிலிருந்து இறங்கி ஓடினாள். கோமதி குழந்தையை அடித்தாள். அதையாவது அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அன்று இரவு சோறு போடும்போது மகளே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குழம்பு ஊற்றினாள். விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்தான். கோமதி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மடத்துக்குப் போன் செய்வாள். மௌன விரதத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள் என்பார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் குருவிடம் வந்து நின்றார். மலைமேல் சுனைக்குப் பக்கத்தில் ஒரு கல் குடில் உண்டு. அங்கே இருந்த சாமியார் இறந்தபின் யாரும் போவதில்லை. கடைசிவரை அங்கே தனியாக இருந்துவிட உத்தரவு கேட்டார்.

வடிவம்மை அவர் வாயைப் பொத்தியிருந்த கையைப் பார்த்தார்.

"கையை எடுத்துட்டுக் கேளுங்க ஐயா."

"முறை இல்லையேம்மா."

"எனக்காக வெச்ச முறைதானே. நான் சொல்லுதேன், எடுங்க."

குற்றாலிங்கம் கையை எடுத்தார். கேட்டதையே மறுபடி கேட்டார். வடிவம்மை மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

"ஈறுல ரத்தம் எப்போ வந்துச்சு?" என்று கேட்டார் குரு.

அவர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பேத்தி, கோமதி, குழம்பு, அத்தனையும். சொல்லி முடித்துவிட்டு, இங்கே எல்லோருக்கும் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

"தெரியும். எனக்கு நீங்க வந்த அன்னைக்கே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன். அது என் தப்பு. நாளைக்குக் காலையில டவுன் பஸ்ஸுக்கு நில்லுங்க. நானும் வாரேன்."

தென்காசியில் அந்தப் பல் டாக்டர் நிறையப் பேசுகிறவர். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்து இவரையும் பார்க்க வைத்தார். பல்லின் அடியில் மஞ்சளாகக் காரை பிடித்திருந்தது. ஈறு பழுத்த தக்காளிபோலச் சிவந்து வீங்கி, பல்லை விட்டு விலகி நின்றது. சர்க்கரைக்கும் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இருந்தால் ஈறு நோய் வேகமாக ஏறும் என்றார் டாக்டர். நல்லவேளை, இல்லை.

"ரத்தம் வருதுன்னு துலக்கறதை நிறுத்திட்டேன் சார்."

"எல்லாரும் செய்யற தப்புதான். அழுக்கு சேந்து சேந்து ஈறு வீங்கும். வீங்கின ஈறைத் தொட்டா ரத்தம் வரத்தான் செய்யும். விட்டா இன்னும் வீங்கும். மெதுவாத் துலக்கிக்கிட்டே இருக்கணும், தானாக் குறையும்."

இரண்டு தடவை வரச்சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில்வரை காரையைச் சுரண்டி எடுத்தார். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார். கரைந்துபோன எலும்பு திரும்ப வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். மெல்லிய நாருள்ள பிரஷ், காலையிலும் இரவிலும். பல்லிடுக்குக்குத் தனியாக ஒரு குட்டி பிரஷ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், நன்றாக இருந்தாலும் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

முதல் வாரம் தினமும் ரத்தம். தொட்டியடியில் நின்று துப்பித் துப்பிப் பார்த்தார். பிரஷ்ஷை எறிந்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. எறியவில்லை. இரண்டாம் வாரம் எச்சில் இளஞ்சிவப்பாக வந்தது. நாலாம் வாரம் வெறும் வெள்ளை நுரை.

பந்தியில் காலி இடம் இரண்டிலிருந்து ஒன்றாகி, ஒரு நாள் இல்லாமலே போனது. பக்கத்து இலைக்காரர் அவரிடம் திரும்பி மோர் போதுமா என்று கேட்டார். குற்றாலிங்கத்துக்கு அந்த மோர் இறங்கவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான் அவருக்குக் கோமதி அதிகமாக ஞாபகம் வந்தாள். அவளோ, பேத்தியோ, இந்தப் பந்தியில் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை, கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த குருவிடம் போனார். வாயைப் பொத்தவில்லை.

"வாய் சரியாயிட்டும்மா. இப்பவாவது குடிலுக்கு உத்தரவு குடுங்க."

"நேத்தும் உங்க மக போன் பண்ணுனா. அப்பா பேசமாட்டாங்களான்னு அழுதா."

"என்னால ஆகாதும்மா. நானும் நாலு தடவை போனை எடுக்கப் போனேன். அவ பேரை நெனச்சாலே உள்ள ரத்தமாக் கொட்டுது. அதை ஏன் தொடணும்? விட்டுட்டு மேல போயிடுதேன்."

வடிவம்மை குடத்தைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளாத் தொடாம விட்டிருக்கீங்க ஐயா?"