நட்டு எத்தனை சுத்து?

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தொன்று. அதனால் குரு சீடரை 'அண்ணே' என்பார், சீடர் குருவை 'மாஸ்டர்' என்பார். தேனியிலிருந்து போடி போகிற சாலையில், அந்த வீல் அலைன்மென்ட் கடையில், நாலு மாதமாக இப்படித்தான் நடக்கிறது.

குருவின் பெயர் பவுன்தாய். கடை அவருடையது. சீடர் சுருளிராஜன், இருபத்தாறு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். முதலாளி பஸ்ஸை விற்றார், சுருளி ஸ்பேனரைப் பிடித்தார். அவ்வளவுதான் கதை.

ஒரு வியாழக்கிழமை சுருளிக்கு மண்டை குழம்பிப் போனது.

காலையில் ஒரு வாத்தியார் வெள்ளைக் காரில் வந்தார். "சக்கரமெல்லாம் உள்ள ஒடுங்கிக் கெடக்கும்மா. வண்டி நோஞ்சானாட்டம் தெரியுது. வீலை மாத்த வேணாம், ஸ்பேசர் மட்டும் போட்டுக் குடுங்க" என்றார். ஸ்பேசர் ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. பூரி அகலத்துக்கு ஒரு அலுமினியத் தட்டு. சக்கரத்துக்கு உள்பக்கம் வைத்து மாட்டினால் சக்கரம் கொஞ்சம் வெளியே வரும், வண்டி காலை அகட்டிக் கெத்தாக நிற்கும். பவுன்தாய் போட்டுக் கொடுத்தார்.

"நூறு கிலோமீட்டர் ஓடிட்டு வாங்க சார். மறுபடி முறுக்கிப் பாக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எல்லாருக்கும் அவர் சொல்வது அதுதான்.

மத்தியானம் இன்னொருத்தர் வந்தார். அதே கார், அதே வெள்ளை, அதே தடிமன் ஸ்பேசர். பவுன்தாய் முடியாது என்று சொல்லிவிட்டார்.

சுருளி பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"மாஸ்டர், ஸ்பேசர் நல்லதா கெட்டதா?"

"எண்ணிப் பாத்தீங்களா?"

"எதை?"

"அப்ப எண்ணலை."

பேச்சு அத்தோடு முடிந்தது. சுருளி ராத்திரி படுத்துக்கொண்டு எண்ணினார். கார் ரெண்டு, ஆள் ரெண்டு, ஸ்பேசர் எட்டு. ஓடுகிற பஸ்ஸில் அறுபது தலையை ஒரு பார்வையில் எண்ணிய மனுஷனுக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை.

குழப்பம் மட்டும் என்றால் பரவாயில்லை. அவருக்குப் பயமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மருமகன் விஜயபாண்டி ஸ்பேசரோடு வருவதாகப் போன் செய்திருந்தார். போட்டுக்கொண்டு அப்படியே மகள் நாகஜோதியோடும் கைக்குழந்தையோடும் போடிமெட்டு மலைக்குப் போகிறார்களாம். மருமகன் கேட்டு மாமனார் முடியாது என்று சொல்ல முடியுமா?

அதற்கு மேலும் ஒன்று இருந்தது. போன மாதம் பேரனுக்குக் காது குத்தியபோது, சம்பந்தி வீட்டார் முன்னால் சுருளி கொஞ்சம் அளந்துவிட்டிருந்தார். "நம்ம கடைதான். ஒரு அம்மாவ வேலைக்கு வச்சிருக்கேன்." வேலை போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை, இது வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. விஜயபாண்டி இறங்கினார்.

"மாமா, இந்தாங்க ஸ்பேசர். நம்ம கடைதான, அரை மணி நேரத்துல முடிச்சிரலாம்ல?" பிறகு பவுன்தாய் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அந்த ஜாக்கியை எடுத்துட்டு வா."

சுருளிக்குக் காது சுட்டது. பவுன்தாய் சுருளியை ஒரு பார்வை பார்த்தார். ஜாக்கியை எடுத்து வந்து வைத்தார்.

"வேற என்ன வேணும் முதலாளி?"

"ஒண்ணும் வேணாம்" என்றார் சுருளி. குரல் அவருக்கே கேட்கவில்லை.

முதல் சக்கரத்தின் நட்டுகளை இளக்கி, விரலால் சுற்றி எடுத்தார். மாஸ்டர் கேட்டது ஞாபகம் வந்தது. எண்ணினார். ஒவ்வொரு நட்டும் பத்துச் சுத்து சுற்றிக் கையில் வந்தது. ஸ்பேசரை வைத்துச் சக்கரத்தை மாட்டி, அதே நட்டை விரலால் ஏற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நின்றுவிட்டது. ஸ்பேசரின் தடிமன் போல்ட்டில் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. அடுத்த நட்டும் நாலு.

நாற்காலியில் நாகஜோதி குழந்தைக்கு பிஸ்கட்டை நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சுருளி எழுந்து பவுன்தாயிடம் போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"மாஸ்டர், நாலுதான் பிடிக்குது. அந்த வாத்தியாருக்கு எத்தனை பிடிச்சுச்சு?"

"பத்து. நீங்க டீ வாங்கப் போனப்ப நீட்டு போல்ட்டா மாத்திட்டேன்."

"மத்தியானம் வந்தவருக்கு?"

"போல்ட்டை மாத்த மாட்டேன்னுட்டார். நாலு."

"இந்த வண்டிக்கு நீட்டு போல்ட் இருக்கா?"

"மதுரையிலருந்து வரணும். புதன்கிழமை ஆகும்."

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"முதலாளிதான சொல்லணும்" என்று பவுன்தாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

சுருளி திரும்பி வந்தார். "மாப்பிள்ளை, இன்னிக்கு இது வேணாமே."

"ஏன் மாமா? என் பிரெண்டு வண்டியில போட்டு ஒரு வருஷமா ஓடுது."

"நட்டு கம்மியாப் பிடிக்குது. மலையில சக்கரம் கழண்டுரும்."

"இறுக்கி முறுக்கினா பிடிச்சிட்டுப் போகுது. நீங்க பழைய காலத்து ஆளு, பயப்படுறீங்க. தள்ளுங்க, நானே முறுக்கிக்கிறேன்." விஜயபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார்.

சுருளி அந்தக் கையைப் பிடித்தார். மருமகன் கையை அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ளை, இது என் கடை இல்ல. இந்தா நிக்கிறாங்களே, இவங்க கடை. நான் நாலு மாசமா இவங்ககிட்ட வேலை கத்துக்கிறேன். அன்னிக்குச் சபையில சொன்னது பொய். நான் சொல்றதைக் கேக்க வேணாம், இவங்களைக் கேளுங்க."

நாற்காலியில் குழந்தை பிஸ்கட்டுக்குக் கையை நீட்டியது.

விஜயபாண்டி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "நீங்க சொல்லுங்கக்கா" என்றார்.

பவுன்தாய் பக்கத்துச் சக்கரத்தில் ஒரு நட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். விஜயபாண்டி ஸ்பேசர் இல்லாத சக்கரத்தில் ஒரு தடவை எண்ணினார். ஸ்பேசர் போட்ட சக்கரத்தில் ரெண்டு தடவை எண்ணினார். பிறகு சக்கரத்தைக் கழற்றி, ஸ்பேசர் தட்டுகளை எடுத்து டிக்கியில் போட்டார்.

"புதன்கிழமை வர்றேன்க்கா" என்றார்.

சுருளி பழையபடி சக்கரத்தை மாட்டினார். நாகஜோதி காரில் ஏறும்போது அப்பா பக்கம் குனிந்து, "எங்ககிட்டச் சொல்றதுக்கு என்னப்பா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. கார் ஒடுங்கின சக்கரங்களோடு மலைப்பக்கம் போனது.

சுருளி அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மருமகன் முன்னால் போன மானம் போனதுதான், ஆனாலும் ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியிருந்தது. இவ்வளவு அவமானப்பட்டும் மனசு ஏன் லேசாக இருக்கிறது என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

"மாஸ்டர், உங்களை வேலைக்காரின்னு சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

பவுன்தாய் ஜாக்கியை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"இனிமே அப்படிப் பேச மாட்டேன் மாஸ்டர். நான் சரியாயிட்டேன்ல?"

பவுன்தாய் நிமிர்ந்து பார்த்தார்.

"நூறு கிலோமீட்டர் ஓடிட்டு வாங்கண்ணே. மறுபடி முறுக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்."