பத்து மாதக் கச்சேரி

எதிரிகளே இல்லாத அரசன் பொழுதுபோகாமல் என்ன செய்வான்? நாடகம் எழுதுவான். மருதவளநாட்டு மன்னன் கீர்த்திமாறனும் அதைத்தான் செய்தான். அது நகைச்சுவை நாடகமாம். முதல் ஏட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகுதான் சபையில் எல்லோருக்கும் சிரிப்பே வந்தது.

கதை இதுதான். ஒரு பாடகன் அரசவையில் பாடும்போது சொதப்புகிறான். துரத்தப்படுகிறான். குளத்தில் விழுகிறான். எழுந்து வந்து மறுபடியும் அதே குளத்தில் விழுகிறான். இந்த இடத்தை எழுதிவிட்டு மன்னன் இரண்டு நாள் தானே சிரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் பாடகன் அதே அவையில் பாடிக் கைதட்டல் வாங்க வேண்டும். அங்கேதான் கதை முட்டிக்கொண்டு நின்றது.

காரணம், அரண்மனை வாசலில் மன்னனே செதுக்கி வைத்த கல்வெட்டு: ‘ஒருமுறை தவறியவனுக்கு மறுவாய்ப்பு இல்லை.’ நாடகத்து அரசன் மறுவாய்ப்பு கொடுத்தால் நிஜ அரசனைப் பார்த்து ஊர் சிரிக்கும். கொடுக்காவிட்டால் நாடகத்தைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். இரண்டுமே மன்னனுக்குச் சம்மதமில்லை.

பெரிய அமைச்சர் வச்சிரவேலு ஒரு முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் பாடகன் செத்துப்போய், மறுபிறவியில் முதல் வாய்ப்பு வாங்கினான். பாடை வரும் காட்சியில் எப்படிச் சிரிப்பது என்று மன்னன் கேட்டதும், அமைச்சர் பொறுப்பை நைசாக அரசவை விகடர் நல்லபெருமாள் தலையில் கட்டிவிட்டார்.

“பாடகன் மறுபடி பாடியாகணும். ஆனா யாரும் அவனுக்கு மறுவாய்ப்பு தரக்கூடாது,” என்றான் மன்னன். “நாளை மறுநாள் வசந்த விழா. முடிவு சரியா வரலேன்னா உமக்கும் யானைக் கொட்டில்தான்.”

‘உமக்கும்’ என்றதற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே அங்கே ஒருவர் இருந்தார், பாடகர் அழகிரி. பத்து மாதத்துக்கு முன் மன்னனின் பிறந்தநாள் கச்சேரியில், பாட்டின் நடுவே அவருக்கு இருமல் வந்தது. மன்னன் விருட்டென்று எழுந்து போனான். அத்தோடு கச்சேரி நின்றது. மறுநாளிலிருந்து அழகிரி யானைகளுக்குப் புல் அறுத்தார். இருமல் நான்கே நாளில் போய்விட்டது, வேலைதான் போகவில்லை. பாடுவதை மட்டும் அவர் விடவில்லை. யானைகள் கல்வெட்டு எதுவும் செதுக்கி வைத்திருக்கவில்லை.

நல்லபெருமாள் நேரே கொட்டிலுக்குப் போனார். அழகிரி அவருக்குப் பழைய சிநேகிதர். புல் அறுத்துக் காய்த்துப்போன அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் விகடருக்கு விகடம் மறந்துவிடும். “எனக்குப் பதவி வேண்டாங்க,” என்றார் அழகிரி. “அந்தச் சபையிலே உட்கார்ந்து பாடணும். வேற எதுவும் கேக்கலை.” நல்லபெருமாள் அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

விழா அன்று மதியம் சபையிலேயே நாடகம் தொடங்கியது. பாடகன் குளத்தில் விழுந்தான், சபை சிரித்தது. மறுபடி விழுந்தான், மறுபடி சிரித்தது. வச்சிரவேலு மட்டும் அவன் விழுவதற்கு முன்பே சிரித்து, தன் விசுவாசத்தைக் காட்டிக்கொண்டார்.

கடைசிக் காட்சி. “உனக்கு மறுவாய்ப்பு இல்லை, போ,” என்றான் நாடகத்து அரசன். அப்போது நல்லபெருமாளே மேடையேறினார்.

“மறுவாய்ப்பு யார் கேட்டா?” என்றார் சாவகாசமாக. “அன்னிக்கு மங்களம் பாடினது யாரு?”

நாடகத்து அரசன் திருதிருவென்று விழித்தான். யாரும் பாடவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

“மங்களம் பாடினாத்தானே கச்சேரி முடிஞ்சதா அர்த்தம்? இவன் இன்னும் முதல் கச்சேரியிலேதான் இருக்கான். நடுவிலே ரெண்டு தடவை குளத்துக்குப் போயிட்டு வந்தான், அவ்வளவுதான்.”

நிஜ மன்னன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். கதை முடிந்தது, கல்வெட்டும் பிழைத்தது. பாடச் சொல் என்றான். ஆனால் அந்த நடிகனுக்குக் குளத்தில் விழத்தான் தெரியும். அவன் வாயைத் திறந்தான், குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. பத்து மாதத்துக்கு முன் எந்த அடியில் நின்றதோ, அதே அடியிலிருந்து வந்தது.

மன்னன் எழுந்துவிட்டான். திரை விலகியது, அழகிரி பாடிக்கொண்டிருந்தார்.

“இது நாடகம் இல்லையே, நல்லபெருமாள்,” என்றான் மன்னன் கடுகடுப்பாக.

“நாடகத்துக்குப் பொருந்தின நியாயம் இதுக்கும் பொருந்தும் மகாராஜா. உங்க பிறந்தநாள் கச்சேரி பத்து மாசமா நடந்துக்கிட்டிருக்கு. நடுவிலே இருமினவர் ஒருத்தர், எழுந்து போனவர் ஒருத்தர். இருமினவர் திரும்பி வந்துட்டார்.”

மன்னன் தன் கால்களைப் பார்த்தான். நின்றுகொண்டிருந்தான். மெதுவாக உட்கார்ந்தான். பாட்டு முடிந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. அரசனாக இருந்தாலும் காது நல்ல காது.

வச்சிரவேலு விடவில்லை. “அப்போ மங்களத்தையும் பாடிட்டுக் கிளம்பட்டும். கச்சேரி முடிஞ்சதும் கல்வெட்டு செல்லுபடியாகணும்,” என்றார். மன்னனுக்கு மனமில்லை. ஆனால் செதுக்கியது அவன்தானே? தலையசைத்தான். இதை நல்லபெருமாள் யோசித்திருக்கவில்லை.

அழகிரி தம்புராவைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

“மங்களம் எப்போன்னு பாடறவன்தான் முடிவு பண்ணணும், மகாராஜா. இன்னும் நிறையப் பாட்டு பாக்கியிருக்கு. இன்னிக்கு இது போதும், மீதியை நாளைக்கு வெச்சுக்கலாம்.”

மன்னன் குளத்துக் காட்சிக்குக்கூடச் சிரிக்காத சிரிப்பு சிரித்தான். தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து அழகிரிக்குப் போர்த்தினான். மிச்சப் பட்டும் போகட்டும் என்று இடுப்பில் கட்டியிருந்த கச்சையை உருவி நல்லபெருமாளிடம் கொடுத்தான்.

அழகிரி அந்தச் சபையில் முப்பது வருஷம் பாடினார். வச்சிரவேலு ஒரு நாள் தவறாமல் முதல் வரிசைக்கு வந்து, கடைசிவரை அசையாமல் உட்கார்ந்து மங்களத்துக்காகக் காத்திருந்தார். அவரைப்போல ஒரு சங்கீத ரசிகர் எந்த நாட்டிலும் இல்லை என்று ஊரே மெச்சியது.